பேச முடியாதவரின் குடலிடம் நலம் விசாரிப்பது எப்படி?

ஐசியுவில் மயங்கிக் கிடப்பவருக்கு மூக்குக் குழாய் வழியாகப் பால்போல ஏதோ ஊற்றுகிறார்களே, அது செரிக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 'வயிறு உப்புசமாக இருக்கிறது' என்று சொல்ல அவரால் முடியாதே.

ஸ்டெதஸ்கோப் வைத்து வயிற்றின் 'கடகட'வைக் கேட்பது பழைய வழி. காற்றும் நீரும் நகர்வதை அது சொல்லும், செரிமானத்தைச் சொல்லாது. இன்னொரு வழி, குழாயில் பெரிய சிரிஞ்சைப் பொருத்தி, இரைப்பையில் தேங்கியதை உறிஞ்சி அளப்பது. பச்சையும் மஞ்சளுமாக 300 மில்லி வருகிறது என்று வையுங்கள். அதில் உணவு எவ்வளவு, இரைப்பை நீர் எவ்வளவு, விழுங்கிய எச்சில் எவ்வளவு? பிரான்சில் வென்டிலேட்டர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. தேங்கிய உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வருமே என்ற பயத்தில்தான் அளக்கிறார்கள். ஆனால் இப்படி அளக்காமலே உணவு கொடுத்தும் நிமோனியா கூடவில்லை, வாந்திதான் கூடியது. என்னைக் கேட்டால், இந்த அளவெடுப்பில் பாதி சடங்கு.

சரி, இதெல்லாம் இரைப்பையின் கதை. குடல் உயிர்ப்போடு இருக்கிறதா? இங்கேதான் எனக்குப் பிடித்த சிட்ருலின் வருகிறது. 1914-இல் ஜப்பானில் தர்பூசணிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த அமினோ அமிலம் இது. பெயரும் தர்பூசணியின் லத்தீன் பெயரிலிருந்தே வந்தது. நம் உடல் புரதம் கட்ட இதைச் செங்கல்லாக எடுப்பதில்லை. சாப்பாட்டிலும் அவ்வளவாகக் கிடையாது. அப்படியானால் ரத்தத்தில் ஓடுவது யார் செய்த சரக்கு? சிறுகுடலின் உட்சுவர்ச் செல்கள் குளுட்டமின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை எடுத்துச் சிட்ருலினாக்கி ரத்தத்தில் விடுகின்றன. கல்லீரலும் இதைத் தயாரிக்கிறது, ஆனால் யூரியா செய்வதற்காக அங்கேயே செலவழித்துவிடும். ஆகவே ரத்தத்தில் உள்ள சிட்ருலின் கிட்டத்தட்ட குடல் செல்களின் வருகைப் பதிவேடு! வழக்கமாக லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோமோல் இருக்கும். ரத்த ஓட்டம் சரிந்துபோகும் அதிர்ச்சி நிலையில் ('ஷாக்') குடலுக்கு ரத்தம் குறைந்து செல்கள் உதிரும்போது 10-க்குக் கீழேகூட இறங்கும்.

காப்புரிமை வாங்க முடியாத பழைய மூலக்கூறு என்பதால், படுக்கையருகிலேயே இதை அளக்கும் கருவிக்குத் தனியார் பணம் போடத் தயங்குவார்கள். அரசு நிதிதான் வர வேண்டும் என்பேன்.

அப்புறம் ஒரு சிக்கல். சிட்ருலினை ஆர்ஜினின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிச் செலவழிப்பது சிறுநீரகம். அது பழுதானால் சரக்கு தேங்கி, நொந்துபோன குடலும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஐசியுவில் சிறுநீரகமும் சேர்ந்து படுத்துக்கொள்வது சகஜம். அதனால் சிட்ருலின் அளவைப் பார்க்கிறவர், பக்கத்திலேயே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்தாக வேண்டும்.