லினக்ஸில் கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது?

"அந்த டிஸ்ட்ரோவில் வைஃபையே வரவில்லை, இதைப் போட்டதும் வந்துவிட்டது." லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. டிஸ்ட்ரோ என்பது லினக்ஸை நிறுவுவதற்குத் தயாராகத் தொகுத்துத் தரும் வடிவம், டெபியன், உபுண்டு போல. கேட்பவர் உடனே முதலாவது மட்டம், இரண்டாவது உசத்தி என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் பல நேரங்களில் இரண்டிலும் வைஃபையை இயக்குவது அதே கெர்னலும் (வன்பொருளை ஆளும் மைய நிரல்) அதே டிரைவரும்தான் (சிப்பை இயக்கும் நிரல்). ஒரு சின்னக் கோப்பு மட்டும்தான் ஒன்றில் இருந்தது, இன்னொன்றில் இல்லை.

வைஃபை சிப்புக்குள் அதற்கென்றே ஒரு குட்டிச் செயலி இருக்கிறது. கணினி தொடங்கும்போது டிரைவர் ஒரு நிரலை அதற்குள் ஏற்றினால்தான் அது வேலை செய்யும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். பெரும்பாலும் இதைச் சிப் தயாரித்த நிறுவனமே தருகிறது, மூல நிரலை வெளியிடுவதில்லை. கட்டற்ற மென்பொருள் மட்டுமே தன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் இருக்க வேண்டும் என்பது டெபியனின் நீண்டகாலக் கொள்கையாக இருந்தது. ஃபர்ம்வேரைச் சேர்த்த நிறுவல் கோப்பு தனியாக இருந்தாலும், அது இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து நிறுவல் கோப்பிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. "டெபியனில் வைஃபை வராது" என்ற புகார் அதோடு பெரிதும் அடங்கியது. அதற்காக டிரைவரில் ஒரு வரிகூட மாற வேண்டியிருக்கவில்லை.

கெர்னலை 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். வெறும் கெர்னலை வைத்துக்கொண்டு நாம் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. அதன்மேல் குனு திட்டத்தின் அடிப்படை நூலகங்கள், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, திரையில் வரையும் வேலண்ட் அல்லது எக்ஸ்11, ஒலிக்குப் பைப்வயர், எல்லாவற்றுக்கும் மேலே குனோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப் என்று அடுக்கடுக்காக ஏறிப் போகும். ஒவ்வொரு அடுக்கையும் உருவாக்குவது வேறு வேறு குழு. இவற்றைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்து, பேக்கேஜ்களாகக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோவின் வேலை. டெபியன் 1993 முதல் இதைச் செய்கிறது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004இல் உபுண்டு வந்தது, உபுண்டுவின் மேல் 2006இல் லினக்ஸ் மின்ட் வந்தது. ஆகவே இவை மூன்றையும் ஒப்பிடும்போது நாம் ஒப்பிடுவதில் பெரும்பகுதி ஒரே சரக்குதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பெரும்பாலும் தேதியில் இருக்கிறது என்பேன்.

டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ 2 ஆண்டுக்கு ஒருமுறை வரும். வந்தபின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் உறைந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்களையும் முக்கியமான பிழைத் திருத்தங்களையும் மட்டும் அந்தப் பழைய பதிப்புக்குள் எடுத்து ஒட்டுவார்கள். அதனால் டெபியனில் பழைய எண்ணைப் பார்த்து "இது ஓட்டை உடைசல்" என்று நினைப்பது தவறு. உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். 2 ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு, மின்ட் உட்காருவது அதன்மேல்தான். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவு. ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, புதியது வரவர உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஓப்பன்சூசே டம்பிள்வீடும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு தொகுப்பையும் தானியங்கிச் சோதனையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே விடுகிறார்கள். அந்த ஒரு படி எவ்வளவு தொல்லையைத் தடுக்கிறது என்பது பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படுவதில்லை.

வன்பொருள் டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலுக்குள்ளேயே இருப்பதால்தான் தேதிக்கு இவ்வளவு எடை. உங்கள் மடிக்கணினியின் சிப் சந்தைக்கு வருவதற்கு முன்பே உறைந்துபோன கெர்னலுக்கு அந்தச் சிப்பை அடையாளம் தெரியாமல் போகலாம். திரையின் ஒளி அளவு மாறாது, தூங்கப் போட்டால் விழிக்காது, மைக் தெரியாது. அதே கணினியில் ஃபெடோரா ஒழுங்காக ஓடினால், அதற்குக் காரணம் கெர்னல் புதிது என்பதாகவே இருக்கும். இதைச் சமாளிக்கத்தான் உபுண்டு தன் எல்டிஎஸ் பதிப்புக்கும் இடையிடையே புதிய கெர்னலைத் தருகிறது. ஏழெட்டு வருடம் பழைய கணினியாக இருந்தால் கதை வேறு. அதற்கான டிரைவர்கள் எப்போதோ கெர்னலுக்குள் வந்து நிலைபெற்றிருக்கும். அங்கே புதிய கெர்னலால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, டெபியனோ மின்ட்டோ நிம்மதி. எந்த டிஸ்ட்ரோ நல்லது என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது கணினியின் வயதைத்தான்.

சரி, ஏதோ ஒன்று ஓடவில்லை. டிஸ்ட்ரோவை மாற்றும் முன் கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்க வேண்டும். கணினி எழும் வரிசையே இதற்கு நல்ல வழிகாட்டி. முதலில் மதர்போர்டிலேயே உள்ள தொடக்க நிரலான யுஇஎஃப்ஐ, அது கிரப் என்ற ஏற்றியை எழுப்பும், கிரப் கெர்னலை ஏற்றும், கெர்னல் வட்டைத் திறந்து சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கும், அது சேவைகளைத் தொடங்கி நுழைவுத் திரையைக் கொண்டுவரும், அப்புறம் டெஸ்க்டாப். எங்கே நிற்கிறது என்பதே பாதி விடை. கிரப்பின் கறுப்புத் திரையில் கட்டளைக்காகக் காத்துக்கொண்டு நின்றால், கெர்னலுக்கு இன்னும் முறையே வரவில்லை. வட்டு கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றால் கெர்னல் எழுந்துவிட்டது, அடுத்த படியில் இடறியிருக்கிறது.

திரை முழுக்கக் கறுப்பாகி ஒன்றுமே தெரியாதபோது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்து வடிவில் ஒரு நுழைவுத் திரை வந்தால் அது பெரிய செய்தி. கெர்னல், வட்டு, சிஸ்டம்டி எல்லாம் உயிரோடு இருக்கின்றன, கோளாறு வரைகலைப் பக்கம் மட்டும்தான். கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி நுழைவுத் திரைக்கே திருப்பி அனுப்புகிறதா? வட்டு நிரம்பிவிட்டதா, உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவில் உள்ள ஏதாவது அமைப்புக் கோப்பின் உரிமை நிர்வாகியான ரூட் பயனருக்குப் போய்விட்டதா என்று அங்கிருந்தே பார்த்துவிடலாம்.

அடுத்தபடியாகச் சின்னச் சின்னச் சோதனைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு அடுக்கை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து நுழைந்து பாருங்கள். அதில் எல்லாம் சரியாக ஓடினால் கணினியில் குற்றமில்லை, உங்கள் ஹோம் அடைவில் உள்ள ஏதோ ஒரு அமைப்பில்தான் சிக்கல். டிஸ்ட்ரோவை மாற்றிவிட்டுப் பழைய ஹோம் அடைவை அப்படியே கொண்டுவருகிறவர்களுக்கு அதே கோளாறு கூடவே வருவது இதனால்தான். நுழைவுத் திரையில் வேலண்டுக்குப் பதில் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. உபுண்டு 25.10 போன்ற புதிய பதிப்புகளில் இந்தத் தெரிவு எடுக்கப்பட்டுவிட்டது.

இவற்றில் மிக உபயோகமானது பழைய கெர்னலில் எழுப்பிப் பார்ப்பது. அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு வந்து, கிரப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டால், குற்றவாளி எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. இங்கே டிஸ்ட்ரோக்களுக்குள் நிஜமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஃபெடோரா இயல்பாகவே மூன்று கெர்னல்களை வைத்திருக்கும். உபுண்டுவும் மின்ட்டும்கூட முந்தையதை விட்டுவைக்கும். ஆர்ச்சில் புதியது வந்தால் பழையது போய்விடும். அதனால் ஆர்ச் பயன்படுத்துகிறவர்கள் எல்டிஎஸ் கெர்னலையும் சேர்த்து நிறுவி வைத்துக்கொள்வது அவசியம்.

என்விடியா கார்டு உள்ளவர்கள் இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டிவரும். கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை அந்த மாற்றத்தைச் செய்கிறவர்களே கூடவே திருத்திவிடுவார்கள். என்விடியாவின் சொந்த டிரைவர் வெளியே இருப்பதால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதைத் தனியாகக் கட்ட வேண்டும். அந்தக் கட்டுமானம் எங்காவது தோற்றுப்போனால் புதிய கெர்னலில் கறுப்புத் திரை, பழையதில் எல்லாம் சுகம். இதோடு செக்யூர் பூட் வேறு சேர்ந்துகொள்ளும். அது இயங்கும் நிலையில் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. டிரைவர் நிறுவப்பட்டிருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்ற குழப்பமான நிலைக்கு இது அடிக்கடி காரணமாகிறது. உபுண்டு கையொப்பமிட்டுத் தயாராகக் கட்டிய டிரைவரைத் தருகிறது. மின்ட்டில் டிரைவர் மேலாளர் என்ற ஒரு சாளரத்திலேயே வேலை முடியும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். என்விடியா வைத்திருக்கும் புதியவருக்கு உபுண்டு, மின்ட் பக்கம் போகச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பதிவேடுகளையும் படிக்கப் பழக வேண்டும். ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை, கணினி முந்தைய முறை எழுந்தபோது நடந்ததைக்கூடக் காட்டும். தொங்கிப்போய் அணைத்த பிறகு இது பொக்கிஷம். ஆனால் சிவப்பு வரிகளைக் கண்டு கலங்க வேண்டாம். நன்றாக ஓடும் கணினியிலும் பிழைச் செய்திகள் ஏராளமாக இருக்கும். நல்ல நாளின் பதிவையும் கெட்ட நாளின் பதிவையும் பக்கத்தில் வைத்து, கெட்ட நாளில் மட்டும் புதிதாக வந்த வரி எது என்று தேடுங்கள். இணையத்தில் உதவி கேட்கும்போது அந்த வரியோடு கெர்னல் எண்ணையும் கார்டின் பெயரையும் கொடுங்கள். "வேலை செய்யவில்லை" என்பதற்குக் கிடைக்காத பதில் அதற்குக் கிடைக்கும்.

கோளாறு போலத் தோன்றும் சில விஷயங்களும் உண்டு. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, கடிகாரம் சரியாக உங்கள் நேர மண்டல வித்தியாச அளவுக்கே தவறினால், மதர்போர்டு கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் இன்னொன்று உலக நேரமாகவும் படிக்கிறது. விண்டோஸ் பிரிவில் எழுத முடியவில்லை என்றால் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பாருங்கள். அது விண்டோஸைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிடுகிறது. ஃபெடோராவில் சில வீடியோக்கள் ஓடாததற்குக் காரணம் காப்புரிமை. அந்த வீடியோக்களை விரித்துக் காட்டும் கோடெக்குகளை அவர்கள் சேர்ப்பதில்லை. ஃபிளாட்பேக் என்ற, எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் பேக்கேஜ் வடிவில் நிறுவிய செயலிக்கு உங்கள் பென்டிரைவ் தெரியவில்லை என்றால் அதற்கு அனுமதி இல்லை என்று அர்த்தம், ஃபிளாட்சீல் என்ற கருவியில் கொடுத்துவிடலாம்.

ஃபிளாட்பேக் வந்த பிறகு ஒப்பீட்டின் கணக்கே மாறிவிட்டது என்று நினைக்கிறேன். செயலி தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே கொண்டுவருவதால், அடித்தளம் பழையதாக இருந்தாலும் மேலே புதிய செயலிகளை ஓட்டலாம். வட்டில் இடம் கூடுதலாகப் போகும், உண்மைதான். ஆனால் புதிய பதிப்பு லிப்ரே ஆபீஸுக்காக மட்டும் டெபியனை விட்டுப் போக வேண்டிய தேவை இனி இல்லை.

இத்தனைக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், நிறுவும் முன், நிறுவாமலே ஓடும் லைவ் பென்டிரைவில் எழுப்பிப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் அழகைப் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள், அதை எந்த டிஸ்ட்ரோவிலும் மாற்றிக்கொள்ளலாம். மூடியை மூடித் திறந்து விழிக்கிறதா, வெளித்திரை வருகிறதா, மைக்கில் பேச்சு பதிவாகிறதா, புளூடூத் ஹெட்செட் சேர்கிறதா என்று பாருங்கள். கெர்னல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவிய பிறகு பின்வாங்கவும் வழி வைத்துக்கொள்ளுங்கள். டம்பிள்வீடில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் ஸ்னாப்பர் ஒரு நிலைப்பதிவு எடுக்கும், கிரப்பிலிருந்தே அதற்குத் திரும்பலாம். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இதே போன்ற வேலையைச் செய்யும். ஆனால் இயல்பு நிலையில் அது ஹோம் அடைவைத் தொடாது. படங்கள், ஆவணங்களுக்குத் தனி நகல் எடுத்தாக வேண்டும்.