டி டிரைவில் இருப்பது பாதுகாப்பு நகல் அன்று

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததிலிருந்து, விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் சேர்த்து நிறுவிக்கொள்வோர் பெருகியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான்; என்னிடம் கேட்பவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்த முயற்சியில் கோப்புகளை இழந்துவிட்டு, மீட்டுத் தரும்படி கேட்டு வருகிறவர்களிடம் கையை விரிக்க வேண்டியிருப்பது மனத்தைச் சங்கடப்படுத்துகிறது.

சென்ற வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகனுடன் வந்தார். மகன் காணொளி ஒன்றைப் பார்த்து லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை நிறுவியிருக்கிறார். மடிக்கணினி முன்பைவிட வேகமாகவே ஓடுகிறது. விண்டோஸைக் காணோம், குடும்பப் புகைப்படங்கள் முழுவதும் இருந்த டி டிரைவையும் காணோம். “சி டிரைவைத்தானே சார் அழித்தேன், டி டிரைவைத் தொடவே இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார் அந்தப் பையன். இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்!

தயவுசெய்து இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சி, டி, இ என்பவை தனித்தனி வன்தட்டுகள் அல்ல. பெரும்பாலான மடிக்கணினிகளில் இருப்பது ஒரே ஒரு வன்தட்டு. ஒரே வயலை வரப்பு கட்டிப் பிரித்ததுபோல அதைப் பிரித்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் பழுதானால் டி டிரைவ் தப்பிக்கும் என்பது உண்மை. அந்த அனுபவம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. வன்தட்டே பழுதானாலோ, முழு வன்தட்டையும் அழிக்கும்படி நீங்களே கட்டளையிட்டாலோ, எல்லாப் பிரிவுகளும் ஒன்றாகவே போகும். மடிக்கணினிக்கு வெளியே, வேறொரு சாதனத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு நகல்.

அந்தக் கட்டளை எப்படித் தரப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் வாய்ப்பை லினக்ஸின் நிறுவி (இன்ஸ்டாலர்) எப்போதும் காட்டும் என்று நம்பி உட்காருகிறார்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் இருக்க, லினக்ஸ் உள்ள பென் டிரைவை லெகசி என்ற பழைய முறையில் துவக்கியிருந்தாலோ, வன்தட்டை மறைகுறியாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தாலோ, அந்த வாய்ப்பு திரையில் வராமல் போகலாம். கணினியில் இயங்குதளம் எதுவுமே இல்லை என்றுகூட நிறுவி அறிவிக்கும். அப்போது கண்ணில் படுவது முழு வன்தட்டையும் அழிக்கும் ‘எரேஸ் டிஸ்க்’ என்பதுதான். எதிர்பார்த்த வரி திரையில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியேறுங்கள்; அதுவரை வன்தட்டில் எதுவும் மாறியிருக்காது.

வேகத்துக்காகச் சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகமற்ற சில்லுச் சேமிப்பகம்) மாற்றிய மடிக்கணினி என்றால் நிலைமை இன்னும் மோசம். லினக்ஸுக்காக ஃபார்மட் செய்யும்போதே, பழைய தரவு இருந்த இடங்களெல்லாம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லப்பட்டுவிடும். அதன்பின் எந்த மீட்பு மென்பொருளாலும் பெரும்பாலும் பயனில்லை. ஆசிரியரின் மடிக்கணினியில் இருந்ததும் எஸ்எஸ்டிதான்.

ஆகவே நகலெடுத்த பிறகே மற்ற வேலை. நகலெடுத்ததும் வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். துவக்க அமைப்பை மாற்றினாலே விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள்; அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் கோப்புகளில் கைவைத்தால் சேதம் வரலாம்.

லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சுருக்கி எடுங்கள். கிடைத்த காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அதில் புதிய டிரைவ் உருவாக்காதீர்கள். எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை வன்தட்டில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இடமில்லை. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் தயாரிப்பாளரே நான்கையும் நிரப்பி அனுப்பியிருப்பார். ஐந்தாவதை உருவாக்க முயன்றால் வன்தட்டை டைனமிக் (லினக்ஸ் நிறுவ ஒத்துவராத வேறு வகை) ஆக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் ‘யெஸ்’ அழுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. நான்கு பிரிவுகளும் நிரம்பிய வன்தட்டில், உள்ளதை நகலெடுத்தபின் ஒரு பிரிவை நீக்கித்தான் லினக்ஸுக்கு இடம் காண முடியும். எந்தப் பிரிவு எதற்கு என்று தெரியாதவர்கள் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பழைய வன்தட்டின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் மென்பொருளில் பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டினால் பிரிவுகளைச் சுருக்கும் வேலையே வேண்டாம், வன்தட்டை மாற்றுங்கள். பேட்டரி செத்துப்போன மடிக்கணினியை யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலைக்கு உட்படுத்தவே கூடாது. நிறுவியபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பதற வேண்டாம். இரண்டு இயங்குதளங்களும் நேரத்தைச் சேமிக்கும் முறை வேறு, லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகும்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? மடிக்கணினியை உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி விண்டோஸ் நிறுவிப் பார்ப்பதும், மீட்பு மென்பொருளை அதே வன்தட்டில் இறக்குவதும் மிச்சமிருப்பதையும் மேலெழுதிவிடும். பழைய சுழல்தட்டு என்றால் மேலெழுதப்படாத கோப்புகளையாவது மீட்க வாய்ப்புண்டு. இடையில் எதுவும் செய்யாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.