கான்வைலரின் முகம் எங்கே?

சிகாகோ கலை நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த கோணல்மாணலான சில்லுகள். முதல் பார்வைக்கு அவ்வளவுதான். ‘டேனியல்-ஹென்றி கான்வைலர்’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு மறுபடி பாருங்கள். மேற்பகுதியில் அலையலையாக வாரிய தலைமுடி, அதன்கீழ் மூக்கின் ஓரம், இடையில் கடிகாரச் சங்கிலி, அடியில் ஒன்றோடொன்று கோத்த கைகள். ஒரு மனிதர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பாப்லோ பிக்காசோ இதை வரைந்தது 1910 இலையுதிர் காலத்தில். கான்வைலர் 1907இல் பாரிஸில் காலரி திறந்த ஜெர்மானிய ஓவிய வணிகர். உருவங்களைச் சில்லுகளாக உடைத்து வரையும் கியூபிச பாணி ஓவியங்களை விற்றுப் பிழைத்தவர். இந்த ஓவியத்துக்காக அவர் சுமார் முப்பது தடவை உட்கார்ந்து கொடுத்தார் என்பார்கள். சாயலே பிடிபடாத படத்துக்கு எதற்கு இத்தனை அமர்வு என்று கேட்கத் தோன்றும்.

கியூபிசம் என்றதும் ‘ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒரே நேரத்தில் காட்டுவது’ என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். இந்தப் படத்தில் அந்த விளக்கம் கைகொடுப்பதில்லை. எந்தச் சில்லு இடப்பக்கப் பார்வை, எது முன்பக்கப் பார்வை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூளை எந்தெந்தத் தடயங்களை நம்பிப் பொருட்களைப் பிரித்தறிகிறதோ, அவற்றை ஓவியர் ஒவ்வொன்றாகக் கெடுத்துவைத்திருக்கிறார் என்பதே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

முதல் தடயம் விளிம்பு. குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடுகளுக்கு மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள், கண் தரும் செய்தியைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியில் உண்டு; இதைக் கண்டறிந்த ஹூபெலும் வீசெலும் 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் கோடு தெரிந்தால் மட்டும் போதாது, அது யாருடைய கோடு என்றும் தெரிய வேண்டும். ஒரு பொருள் இன்னொன்றை மறைக்கும் இடத்தில், பின்னால் இருப்பதன் விளிம்பு முன்னால் இருப்பதன் விளிம்பில் முட்டி நின்றுவிடும். எது முன்னே, எது பின்னே என்பதை மூளை அந்த முட்டலை வைத்தே முடிவு செய்கிறது. பிக்காசோ இங்கே விளிம்புகளைப் பாதியில் திறந்து விட்டுவிடுகிறார். தோள் தொடங்குகிறது, முடிவதற்குள் பின்னணியோடு கலந்துவிடுகிறது. இது முந்தைய தலைமுறை பிரெஞ்சு ஓவியர் செசானிடம் கற்ற உத்தி.

இரண்டாவது தடயம் நிழல். நசுங்கிய பித்தளைக் குடத்தின் புகைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, அதுவும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்வதால் இப்படி நேர்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் இதைச் சோதனைகளால் காட்டினார். கான்வைலர் படத்தில் ஒரு சில்லு இடப்புறம் வெளுத்திருக்கிறது, பக்கத்துச் சில்லு வலப்புறம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மேடு பள்ளம் உண்டு; சேர்த்துப் பார்த்தால் எந்த உடலும் உருவாவதில்லை. நிறமும் துணைக்கு வராது, ஏனென்றால் சட்டைக்கும் சுவருக்கும் ஒரே பழுப்புதான்.

இத்தனைக்குப் பிறகும் ஆள் தெரிகிறாரே, எப்படி? பிக்காசோ பின்னாளில் சொன்னதாக ஒரு பதிவு இருக்கிறது: முதலில் இந்தப் படம் புகையாய்க் கலைந்துவிடும்போல் இருந்ததாம்; அதன் பிறகுதான் கண்களின் சாயல், முடியின் அலை, காது மடல், கோத்த கைகள் ஆகியவற்றைச் சேர்த்தாராம். மூளைக்கு அவ்வளவு போதும். நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளை மடலின் அடிப்பக்கத்தில் முகங்களுக்கென்றே முனைப்பாக இயங்கும் பகுதி ஒன்று உண்டு. உறுப்புகளை எண்ணிக் கூட்டிப் பார்ப்பதைவிட, முகத்தின் மொத்த அமைப்பைப் பிடிப்பதுதான் அது சார்ந்த பார்வையின் பாணி. உளவியலாளர் கிரெய்க் மூனி 1957இல் வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டுகளாக்கிய முகங்களைக் காட்டிச் சோதித்தார். கொஞ்ச நேரம் திட்டுகள் மட்டுமே தெரியும், பிறகு சட்டென்று முகம் எழும். ஒருமுறை எழுந்த முகத்தை மறுபடி வெறும் திட்டாகப் பார்ப்பது மிகக் கடினம்.

அறிவு இப்படி மேலிருந்து இறங்கி வந்து கண்ணுக்கு உதவுவதைக் கியூபிச ஓவியங்களை வைத்தே சோதித்தவர்கள் உண்டு. 2010இல் வெளியான ஜூரிச் ஆய்வு ஒன்றில், கியூபிசம் பற்றிக் குறுகிய பயிற்சி பெற்றவர்கள் பயிற்சி பெறாதவர்களைவிட அதிகமான பொருட்களை அந்த ஓவியங்களில் அடையாளம் கண்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, படத்தில் உட்கார்ந்திருப்பவரே இதை முன்பே எழுதிவிட்டார் என்பதுதான். முதல் உலகப் போரின்போது பிரான்ஸ் அரசு அவருடைய ஓவியங்களை எதிரி நாட்டவர் சொத்து என்று பறிமுதல் செய்தது. சுவிட்சர்லாந்தில் ஒதுங்கியிருந்த கான்வைலர் கியூபிசம் பற்றி ஒரு நூல் எழுதி 1920இல் வெளியிட்டார். ஓவியத்தில் அங்கங்கே இருக்கும் நிஜமான விவரங்கள் நினைவுகளைக் கிளப்பும், அந்த நினைவுகள் வடிவங்களோடு சேர்ந்து பார்ப்பவரின் மனதில்தான் பொருள் முழுமையடையும் என்பது அவர் வாதம். அதனால் கியூபிச ஓவியங்களுக்கு, இருப்பதை உள்ளபடி சொல்லும் தலைப்புகளை வைப்பது நல்லது என்றும் அந்த வியாபாரி யோசனை சொல்லியிருந்தார்.