சோளகக் காற்றும் ட்ரோன் வீடியோவும்

ஆடி, ஆவணி வந்தால் யாழ்ப்பாணத்தில் ட்ரோன் வைத்திருக்கிறவர்களுக்கு ஓய்வில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்கள் ஊரில் நிற்கிற அந்தச் சில கிழமைகளுக்குள் கலியாணம், சாமத்திய வீடு, குடிபுகுதல் எல்லாம் முடிந்தாக வேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று முழு மூச்சாக வீசுவதும் அதே மாதங்களில்தான். புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிமார் இந்த நாட்களில் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, வீடியோ எல்லாம் ஆடுது. கிம்பல் பழுதோ?"

கிம்பல் என்பது கமராவை ஆடாமல் தாங்கிப் பிடிக்கிற பகுதி. பெரும்பாலும் அதில் ஒரு பழுதும் இராது. எப்படி ஆடுகிறது என்று முதலில் பாருங்கள், காரணம் பிடிபட்டுவிடும். படம் முழுக்க ஜெலி மாதிரி நெளிந்தால் விசிறியையோ கிம்பலின் ரப்பரையோ பார்க்க வேண்டும். அடிவானம் சரிந்து சரிந்து நிமிர்ந்தால் காற்று. ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் குலுங்கினால், குறை சொல்லாதீர்கள், அது உங்கள் பெருவிரல்தான்.

காற்றிலிருந்து தொடங்குவோம். டிஜேஐ மினி 4 புரோ போன்ற 249 கிராம் ட்ரோனுக்குக் காற்றுத் தாங்குதிறன் செக்கனுக்கு 10.7 மீற்றர் என்று போட்டிருப்பார்கள். மணிக்கு 38 கிலோமீற்றர் சொச்சம். அந்தக் காற்றில் ட்ரோன் தாக்குப்பிடித்து நிற்கும், அவ்வளவுதான். படம் நன்றாக வருமென்று யாரும் சொல்லவில்லை. காற்றை எதிர்த்து நிற்க ட்ரோன் சாய வேண்டும். சாய்வு கூடக் கூட அதை ஈடுகட்டக் கிம்பல் திணறும். காற்று விட்டு விட்டு அடித்தால் அந்தத் திணறல் படத்தில் தெரியும். முகம் நேரே காற்றைப் பார்த்து வேகமாகப் போனால் ஃபிரேமின் மேல் ஓரத்தில் விசிறி எட்டிப்பார்க்கும். பக்கவாட்டுக் காற்று அதைவிடத் தொல்லை, அடிவானம் சரிவது பெரும்பாலும் அதனால்தான். ஆகவே சோளகத்தில் எடுக்கும்போது காற்றின் திசையிலேயே, மெதுவாக, பின்னோக்கியோ முன்னோக்கியோ போகிற காட்சிகளாகத் திட்டமிடுங்கள்.

முற்றத்தில் காற்றே இல்லாதது போலிருக்கும். பக்கத்தில் நிற்கும் பனையின் வட்டைப் பாருங்கள். ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிச் சடசடத்தால் 60 மீற்றரில் நிலைமை அதைவிட மோசம். எனக்கு ஃபோனில் பார்க்கிற காற்று முன்னறிவிப்பைவிடப் பனையில்தான் நம்பிக்கை அதிகம்.

இடத்தையும் யோசிக்க வேண்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. கோட்டைப் பக்கம் நின்று பண்ணைக் கடல்மேல் அனுப்பினால் ட்ரோன் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வரும். பற்றரி குறைந்தாலும் கரை சேரும். பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் இது அப்படியே தலைகீழ். அங்கே கடல் வடக்கே. சோளகம் ட்ரோனைக் கடலுக்குத்தான் தள்ளும். போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், படமும் அழகாக வரும், பற்றரியும் இறங்காது. திரும்ப நினைக்கும்போதுதான் தெரியும். அந்தக் கரைகளில் ஆடி மாதம் பாதிப் பற்றரி இருக்கும்போதே திருப்பிவிடுங்கள். தண்ணீர்மேல் தாழப் பறப்பதும் வேண்டாம். அடியில் உள்ள சென்சர் அலையைத் தரையென்று நினைத்துக் குழம்பும், ட்ரோன் தானாக நகரும். கடலேரியின் மினுக்கத்தில் இது இன்னும் மோசம்.

சரி, விரலுக்கு வருவோம். ஸ்டிக்கைப் பெருவிரல் நுனியால் மட்டும் தள்ளாமல் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சேர்த்துப் பிடியுங்கள். வாணலியில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ட்ரோனை மெதுவாகவும் மென்மையாகவும் ஓடவைக்கிற சினி மோட் இருப்பதே இதற்குத்தான். ஆனால் அதில் ட்ரோன் நிற்க எடுக்கிற தூரமும் கூடும், கோபுரத்துக்கோ தென்னைக்கோ நேரே போகும்போது இதை மறக்கக் கூடாது. செற்றிங்கில் கிம்பலின் வேகத்தைக் குறைத்து மென்மையைக் கூட்டிவிடுங்கள். வாங்கியபடியே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஒரு காட்சிக்கு ஒரு அசைவு போதும். முன்னே போய்க்கொண்டே திரும்பி, திரும்பிக்கொண்டே கமராவையும் கவிழ்க்கிற வித்தை எல்லாம் கை பழகிய பிறகு. ரெக்கோர்ட் போட்டபின் ஓடத் தொடங்காமல், ஓட்டம் சீரானபின் காட்சி தொடங்குவதாகக் கணக்கு வையுங்கள். முன்னும் பின்னும் உள்ளதை எடிற்றிங்கில் வெட்டிவிடலாம்.

ஷட்டர் விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. மத்தியான வெயிலில் பனங்கூடல் ஒன்றின்மேல் தாழப் பறந்து பாருங்கள், ஓலைகள் வெட்டி வெட்டித் துடிக்கும். ட்ரோன் ஆடவில்லை. ஷட்டர் வேகம் ஆயிரக்கணக்கில் போய், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே கூர்மையாக நிற்பதால்தான் அந்தத் துடிப்பு. செக்கனுக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50 செக்கன் அளவில் இருந்தால் அசைவு கண்ணுக்கு இதமாக ஓடும். ஷட்டரை அவ்வளவு மெதுவாக்க, வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வேண்டும். எஃப் 1.7 லென்ஸ், ஐஎஸ்ஓ 100, நம் ஊர் உச்சி வெயில் என்றால் என்டி 64 ஃபில்டரும் போதாது, 128 கிட்டத்தட்ட சரி. காலை வெயிலுக்கு 16 அல்லது 32 போதும்.

விசிறிகளை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் சிறு கீறல் தட்டுப்பட்டாலும் மாற்றிவிடுங்கள். அதன் அதிர்வுதான் கமராவின் சென்சரில் நெளிவாகப் பதிகிறது. எடிற்றிங்கில் ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மெல்லிய தள்ளாட்டத்துக்குச் சரி. நெளிவுக்கு அது மருந்தில்லை, கோபுரத்தின் நேர்க்கோடுகள் வளைந்து ஆடத் தொடங்கும். பார்க்கிற பெரியவர்களுக்குத் தலை சுற்றும்.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் வாடகைக்குப் பறக்கவிட வேண்டாம். பலாலி விமான நிலையச் சுற்றாடலையும் பாதுகாப்புப் பகுதிகளையும் மறந்துவிடுங்கள். கோட்டையென்றால் தொல்லியல் திணைக்களத்திடமும், கோயிலென்றால் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். தேர் இழுக்கிற சனத்தின் தலைக்குமேல் ட்ரோனை நிறுத்துவது எனக்கு ஒப்பாது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பட்டம் ஸ்கிறீனில் தெரியும், நூல் தெரியாது. கரையோரம் ஒதுங்கி நின்றே எடுங்கள்.

முன்பணம் வாங்கும்போதே வீட்டுக்காரரிடம் நேரத்தைப் பேசிவிடுவது நல்லது. மண்டபத்தின் வெளிப்புறம், கோயில் வீதி, வீட்டு வளவு எல்லாம் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் எடுத்து வைத்துவிடலாம், காற்றும் குறைவு, வெயிலும் சாய்வாக விழும். மாப்பிள்ளை வந்திறங்குவது 11 மணிக்கென்றால், பனையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்தக் காட்சியைத் தரையில் நின்று எடுக்க ஒரு கமராவும் தயாராக இருக்கட்டும்.