ஸ்கீ பைண்டிங் வாங்கும் முன்: கிராம் கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் என நீளும் பாலக்காட்டின் தமிழ் பேசும் கிழக்குப் பகுதியில் எலும்பு மூட்டு மருத்துவம் பார்ப்பவரிடம் வரும் முறிவுகளில் பெரும்பாலானவை தென்னையிலிருந்தோ இருசக்கர வாகனத்திலிருந்தோ விழுந்தவை. அண்மைக் காலமாக அவற்றோடு பனிச்சறுக்கில் முழங்கால் திருகிக்கொண்டவர்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டு பிப்ரவரி விடுப்பில் காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஔலிக்கோ போய்வரும் இளைஞர்கள் ஒரு பக்கம்; ராணுவத்தில் சேர்ந்து பனிமலைப் பயிற்சி பெற்றுத் திரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இவர்களுள் சிலர் ரோப் கார் தரும் சரிவுகளோடு நின்றுவிடாமல், தாமே மலையேறித் தாமே சறுக்கி இறங்கும் ஸ்கீ டூரிங்குக்குச் சொந்தமாகக் கருவி வாங்க நினைக்கிறார்கள். பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கும் பைண்டிங் பற்றி அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எது எடை குறைவு என்பதே.

கேள்வியில் தவறில்லை. ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் பாதத்தை ஆயிரக்கணக்கான முறை முன்னே நகர்த்த வேண்டியிருப்பதால், காலில் கூடும் எடை முதுகுப் பையில் கூடும் அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தருகிறது. களைத்த தொடைதான் இறக்கத்தில் தடுமாறுகிறது. ஆகவே எடைக் குறைப்பை வெறும் பந்தயக்காரர்களின் ஆசை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அந்த எடையை எந்த உறுப்பிலிருந்து குறைத்தார்கள் என்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

பழைய வகையான ஃபிரேம் பைண்டிங் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஏறும்போது குதிகாலோடு சேர்ந்து முழுச் சட்டமும் மேலெழும். 1980-களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் இதற்கு மாற்றாக, பூட்ஸின் முனையில் பதித்த உலோகக் குழிகளை இரு பக்கமிருந்தும் இரண்டு எஃகு முளைகள் கவ்விப் பிடிக்கும் அமைப்பை உருவாக்கினார். டைனாஃபிட் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த முளைகளை வைத்து (ஆங்கிலத்தில் pin) இன்று ‘பின்’ பைண்டிங் என்று அழைக்கப்படுவது இதுவே. இதிலும் பந்தய வகை ஒரு காலுக்கு 100 முதல் 200 கிராம், சாதாரண டூரிங் வகை 250 முதல் 400 கிராம், இறக்கத்துக்கு முன்னுரிமை தரும் கலப்பு வகை 550 கிராமுக்கு மேல் என்று பெரிய இடைவெளி உண்டு. பந்தய வகையில் பெரும்பாலும், கழன்ற ஸ்கீயைச் சரிவில் ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக் இராது. காலை விடுவிக்கும் விசையைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ பல மாதிரிகளில் வழியிராது. உற்பத்தியாளர் எந்த அளவில் வைத்தாரோ அதுதான். சில நூறு கிராமுக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது இதைத்தான்.

பைண்டிங்கின் வேலை பிடித்து வைப்பது மட்டுமன்று. விழும்போது ஓர் எல்லைக்கு மேல் முறுக்கு விசை வந்தால் காலை விட்டுவிடுவதும் அதன் வேலை. அந்த எல்லையை டிஐஎன் எண் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். உடல் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றை அட்டவணையில் பார்த்து இதைக் கணிக்கிறார்கள். எடையும் உயரமும் இருவேறு வரிசையில் விழுந்தால் குறைந்த விசை தரும் வரிசையையே எடுக்க வேண்டும். 50 வயதைத் தொட்டவர்களுக்கு இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும். நம் பகுதியினர் பலருக்கும் முக்கியமான ஒரு செய்தி இதில் அடங்கியிருக்கிறது. 50 கிலோ எடையுள்ள, புதிதாகக் கற்கும் ஒரு பெண்ணுக்குக் கணக்கு 4-க்கும் கீழே வரலாம். 5 முதல் 12 வரை அளவுள்ள பைண்டிங்கை, விலையும் எடையும் கட்டுப்படியாகிறதே என்று அவர் வாங்கினால், மிகத் தளர்வாக வைத்தாலும் அது அவருக்கு இறுக்கமானதே. உங்கள் எண் அந்தப் பைண்டிங்கின் அளவுகோலில் நடுப்பகுதியில் விழுகிறதா என்று பாருங்கள். டூரிங் பைண்டிங்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 13992 தரச்சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். எடை குறைந்த மாதிரிகள் பலவற்றில் அச்சான்று இல்லை. சான்றில்லாத பைண்டிங்கில் பொறித்திருக்கும் எண்ணைச் சான்றுள்ளதன் எண்ணுக்கு ஈடாக எடுத்துக்கொள்ள முடியாது.

பூட்ஸையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உலோகக் குழிகள் இல்லாத சாதாரணச் சரிவு பூட்ஸ் பின் பைண்டிங்கில் பொருந்தாது. குழிகள் இருந்தும் அவற்றின் விளிம்பு தேய்ந்து வட்டம் குலைந்திருந்தால், புதுப் பைண்டிங்கும் முன்கூட்டியே கழன்றுவிடும்.

மருத்துவராக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பனிச்சறுக்குக் காயத்தோடு வருபவரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, பைண்டிங் விடுபட்டதா என்பது. முழங்கால் நடுவிலுள்ள முன் சிலுவை ஜவ்வு, அதாவது ஏசிஎல், கிழிந்து வருபவர்கள் பெரும்பாலும் விடுபடவில்லை என்றே சொல்வார்கள். உடனே பைண்டிங்கைக் குறை கூறுவார்கள். பைண்டிங் முதன்மையாகக் காப்பது கணைக்கால் எலும்பை. விடுபடும் பைண்டிங் செம்மைப்பட்ட பிறகு கணைக்கால் முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. ஏசிஎல் கிழிவு அவ்வாறு குறையவில்லை. பின்னோக்கி உட்கார்ந்தாற்போல விழும்போது, இடுப்பு முழங்காலுக்குக் கீழே தாழ, சரிவின் கீழ்ப்புறமுள்ள ஸ்கீயின் பின்முனை உள்விளிம்பு பனியைப் பற்றிக்கொண்டு முழங்காலை உட்புறமாகத் திருகிவிடுகிறது. அந்த விசை பைண்டிங்கின் விடுவிப்பு எல்லையைத் தொடும் முன்பே ஜவ்வு போய்விடுகிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதை முழுமையாகத் தடுக்கும் பைண்டிங் கிடையாது. அமெரிக்காவின் வெர்மான்ட் ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி விழும் நிலையை முன்கூட்டியே உணரப் பயிற்சி பெற்ற ஸ்கீ தளப் பணியாளர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 விழுக்காடு குறைந்தன. கைகளை முன்னே வைத்துக்கொள்வதும், விழுந்தபின் முழுவதும் நிற்கும்வரை எழ முயலாதிருப்பதும் அப்பயிற்சியின் சாரம். பைண்டிங்குக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைப் பயிற்றுநருக்குக் கொடுப்பது வீணல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய பாணிப் பின் பைண்டிங்கில் பக்கவாட்டு விடுவிப்பு குதிகால் பகுதி சுழல்வதால் நிகழ்கிறது; முன்பகுதியிலேயே பக்கவாட்டில் விடுவிக்கும் மாதிரிகள் பின்னாளில் வந்தன. இரண்டாவது வகை சற்றுக் கனமும் விலையும் கூடியது. இறக்கத்தையே பெரிதாக எண்ணுபவர் அந்தக் கூடுதல் கிராம்களைச் சுமக்கலாம் என்பது என் கருத்து. குதிகால் பகுதிக்கும் பூட்ஸுக்கும் இடையே உற்பத்தியாளர் குறிப்பிடும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்; அது பிசகினால் அட்டவணைக் கணக்கு முழுவதும் பொருளற்றுப் போகும்.

முன்பகுதியில் ஏற்றத்துக்கென ஒரு பூட்டு நிலை உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஸ்கீ கழலாது. ஏறும்போது அதுதான் வேண்டியதும். அதே பூட்டோடு இறங்குவது, வரக்கூடிய விசை முழுவதையும் எலும்பே வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவதற்குச் சமம். கழன்றுவிடுமோ என்ற பயத்தில் பூட்டிக்கொண்டு இறங்குபவர்கள், உண்மையில் முளைகளுக்கு அடியில் இறுகிய பனியைத் தட்டி எடுக்க மறந்தவர்களாகவே இருப்பார்கள். பூட்ஸை மாட்டும் முன் அந்த இடத்தைக் குச்சி முனையால் சுரண்டி, மாட்டியபின் காலைச் சிலமுறை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் போதும்.

பிரேக் வேண்டுமா, ஸ்கீயைக் காலோடு கட்டும் வார் போதுமா என்ற கேள்விக்கு என் பதில் பிரேக். ஒரு காலுக்கு ஏறத்தாழ நூறு கிராம் கூடும். வாரால் கட்டிய ஸ்கீ, சரிந்து வரும் பனியில் சிக்கியவரை உள்ளே இழுக்கும். வாரும் பிரேக்கும் இல்லாத ஸ்கீ கழன்றால் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். குல்மார்க் ரோப் காரின் மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதைத் தாண்டிய சரிவில் ஒற்றை ஸ்கீயோடு நிற்பவருக்கு உதவி வர எவ்வளவு நேரமாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உறுதியைப் பொறுத்தவரை, குதிகாலைப் பிடிக்கும் கோபுரம் போன்ற பகுதியும் முன் கவ்விகளும் அலுமினியக் கலவையில் கடைந்தவையா, முளைகள் கடினப்படுத்திய எஃகா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்பதில்லை. ஆனால் கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை கூடும் என்பதால், குதிகாலை உயர்த்தும் தாங்கி போன்ற அடிக்கடி திருப்பும் பாகங்களில் அதை நான் விரும்புவதில்லை. ஸ்கீயில் துளையிட்டுப் பொருத்தும் வேலையை துளையிடும் இடங்களைக் காட்டும் அச்சுப்பலகை வைத்திருக்கும் கடையில்தான் செய்ய வேண்டும். நம் ஊர்த் தச்சரின் கைத்திறனில் குறையில்லை, இருந்தாலும் துளையின் ஆழம் ஒன்பது மில்லிமீட்டர் அளவில்தான். மிகுந்தால் அடிப்பகுதி துளைபடும்.

பனி முடிந்து ஊர் திரும்பியபின், இடவப்பாதி மழை தொடங்கும் முன்பே பைண்டிங்கை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, உறைக்குள் திணிக்காமல் காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் உள்ளே இட்ட கிரீஸ் கரைந்துவிடும். அடுத்த பருவத்தில் கிளம்பும் முன் வயது, எடை இரண்டையும் புதிதாகச் சொல்லி விடுவிப்பு அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பூட்ஸ் மாற்றியிருந்தால் குதிகால் இடைவெளியையும் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். வாடகைக்கு எடுப்பவரானால், பூட்ஸின் குதிகால் பக்கம் பொறித்திருக்கும் அடி நீளத்தைக் கடைக்காரர் பார்த்துத்தான் திருகுகிறாரா என்று அருகில் நின்று கவனியுங்கள்.