சி40: காலநிலை முன்னோடி மாநகரங்கள்

சென்னையின் காலநிலைச் செயல் திட்டம் பற்றிப் படிக்கும்போது 'சி40' என்ற பெயர் கண்ணில் படும். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உலகின் பெரிய நகரங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. சென்னையோடு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு போன்றவையும் அதில் உண்டு. C40 Cities Climate Leadership Group என்ற அதன் முழுப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

2005 அக்டோபரில் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் 18 பெருநகரங்களின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். முதலில் வைத்த பெயர் சி20. அடுத்த ஆண்டே நகரங்களின் எண்ணிக்கை 40-ஐ எட்ட, பெயரும் சி40 ஆனது. இன்று உறுப்பு நகரங்கள் நூறை நெருங்கிவிட்டன, ஆனால் பெயர் மாறவில்லை. அதனால் 'நாற்பது நகரங்கள்' என்று தமிழாக்கினால் தப்பு. எண்ணை அப்படியே விட்டுவிடலாம்.

சரி, முழுப் பெயரை எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'மாநகரங்களின் காலநிலைத் தலைமைக் குழு' என்று வரும். 'காலநிலை'யில் சிக்கல் இல்லை. 'பருவநிலை' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் பருவம் என்றதும் மழைக்காலம், கோடைக்காலம் என்றே மனம் போகும். தமிழ்நாடு அரசின் துறைப் பெயரிலும் 'காலநிலை மாற்றம்' என்றுதான் இருக்கிறது.

'தலைமைக் குழு' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கட்சியின் மேல்மட்டக் கமிட்டி போல ஒலிக்கிறது. இங்கே எந்த நகரமும் இன்னொரு நகரத்துக்கு மேலதிகாரி இல்லை. சந்தா கட்டி உறுப்பினராகத் தொடரவும் முடியாது. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் இலக்குக்கு ஏற்ற திட்டம் வகுத்து, அதைச் செய்தும் காட்ட வேண்டும். பேருந்து, குப்பை, கட்டட விதிகள் என நகர நிர்வாகத்தின் கைக்கு எட்டும் வேலைகளில் ஒரு நகரம் செய்து பார்த்ததை இன்னொன்று கற்றுக்கொள்கிறது. முன்னே ஓடி வழி காட்டுபவரை நாம் முன்னோடி என்கிறோம். அதுதான் இதற்குப் பொருந்தும் சொல்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். இந்தியா நிகர பூஜ்ஜிய உமிழ்வுக்கு, அதாவது வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களும் அகற்றும் அளவும் சமமாகும் நிலைக்கு, குறித்திருக்கும் ஆண்டு 2070. சி40-யின் துணையோடு தயாராகி 2023-இல் வெளிவந்த சென்னையின் திட்டம் 2050 என்கிறது. நாட்டைவிட 20 ஆண்டு முந்தி ஓட ஒரு நகரம் துணிவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆகவே, கட்டுரையில் முதல் முறை வரும்போது 'சி40 காலநிலை முன்னோடி மாநகரங்கள்' என்று எழுதலாம். அப்புறம் 'சி40 நகரங்கள்' என்றாலே போதும்.