கிதாரின் அடிநாதத்தைத் தின்னும் உப்பு

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் பாடகர் குழுவில் வாசிக்கும் என் சித்தி மகனின் கிதார், போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு குரல் மெலிந்துபோனது. மடியில் வைத்து மீட்டினால் மரம் முழுக்க அதிர்ந்து நிறைவாகப் பாடுகிறது. கேபிளைச் செருகி ஸ்பீக்கரில் கேட்டாலோ தகரத்தில் தட்டியதுபோல் மேல்சுரங்கள் மட்டுமே வருகின்றன. ஆறாவது தந்தி இருக்கும் சுவடே இல்லை. "பிரீஆம்ப் பழுதாகிவிட்டது அண்ணே, புதிது வாங்கிவிடலாம்" என்றான். வாங்குவதற்கு முன் திறந்து பார்ப்போம் என்றேன். பக்கவாட்டில் இருந்த நான்கு திருகுகளைக் கழற்றி, பிரீஆம்ப் என்ற கறுப்புப் பெட்டியை வெளியே இழுத்தோம். பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பின் கம்பி வந்து சேரும் இடத்தில், ஈயப்பற்றைச் சுற்றி, ஒரு பயறு அகலத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அந்தச் சிறு திட்டுதான் அடிநாதத்தைத் தின்றது.

கிதாரில் தந்திகள் அமரும் எலும்புத் துண்டுக்குச் சேடில் என்று பெயர். அதன் அடியில் பீசோ பட்டை ஒன்று ஒளிந்திருக்கும்; அதுதான் பிக்கப். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கிறது என்பதை 1880-இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டறிந்தார்கள். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரில் பொறி பறப்பதும் இதே தன்மையால்தான். தந்தி அதிரும்போது சேடில் பட்டையை அழுத்தித் தளர்த்துகிறது. அந்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மின்னழுத்தமாக மாறுகிறது.

பிறக்கும் மின்னூட்டமோ மிகச் சொற்பம். நம் கடற்கரையில் பெண்கள் மணலைத் தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றைப் போன்றது அது. கொட்டாங்கச்சியால் மெல்ல முகந்தால் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டார் வைத்து இறைத்தால் நொடியில் வற்றிவிடும். ஸ்பீக்கர் மிக்சரின் சாதாரண உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும்; மின்தடை குறையக் குறைய இழுப்பு கூடும். பீசோவுக்கு அது மோட்டார். பிரீஆம்ப்தான் கொட்டாங்கச்சி: அதன் வாசலில் இருக்கும் எஃப்.இ.டி. வகை டிரான்சிஸ்டர் ஏறக்குறைய மின்னோட்டமே இழுக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் படித்து, கேபிளையும் மிக்சரையும் தாங்கும் வலுவுள்ள சமிக்ஞையாக மாற்றித் தருகிறது.

ஏன் தாழ்ந்த சுரங்கள் மட்டும் காணாமல் போகின்றன? ஆறாவது தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. ஒவ்வொரு அதிர்வும் மெதுவாக நடப்பதால், அது முடிவதற்குள் மின்னூட்டம் ஒழுகிவிட நேரம் கிடைக்கிறது. மேல்சுரங்கள் விரைவாக அதிர்ந்து தப்பித்துவிடுகின்றன. கணக்கும் அதையே சொல்கிறது. பீசோவின் மின்தேக்குத் திறனை 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் என்றால் 32 ஹெர்ட்சுக்குக் கீழேதான் ஒலி தேயத் தொடங்கும். கிதாருக்கு அதனால் நட்டமில்லை. 1 மெகா ஓம் என்றால் அந்த எல்லை 318 ஹெர்ட்சுக்கு ஏறிவிடும்.

இப்போது உப்புக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல் என்றிருக்கும் இந்தத் தீவில், வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த ஈரப்பதம் சாதாரணம். புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் என்ற அரிப்புத்தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டன. கிதாருக்குள் பூத்த உப்பு ஈரமானதும் அது ஒரு மின்கசிவுப் பாதை. அந்தக் கசிவு 1 மெகா ஓம் அளவுக்கு இருந்தால் போதும், 10 மெகா ஓம் பிரீஆம்பும் பயனற்றதாகிவிடும். அடித் தந்தியின் ஒலி கால் பங்குக்கும் கீழே இறங்கும்.

எனவே பழைய பெட்டியைத் தூக்கி எறியும் முன் கழுவிப் பாருங்கள். பலர் நேராக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை எடுக்கிறார்கள். உப்பு அதில் கரைவதே அரிது. முதலில் பேட்டரியை அகற்றி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் திட்டைத் துடைக்க வேண்டும். அதன் பிறகே ஆல்கஹால்; ஈரத்தை வெளியேற்றுவது அதன் வேலை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழ்களுக்குள் எதுவும் இறங்கக் கூடாது. ஒரு நாள் நன்றாக உலரட்டும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், நான் முதலில் பார்ப்பது குமிழ்களின் எண்ணிக்கையை அல்ல, உள்ளீட்டு மின்தடையை; 5 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கட்டும். அடுத்து, பக்கவாட்டில் ஏற்கெனவே உள்ள துளையின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் எடுங்கள். புதுப் பெட்டிக்காக மரத்தை மேலும் வெட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். துளையே இல்லாத கிதாருக்கு, ஒலித்துளையின் விளிம்பில் குமிழ்கள் ஒட்டும் ஃபிஷ்மேன் மேட்ரிக்ஸ் இன்ஃபினிட்டி போன்றவை இருக்கின்றன. உள்ளே மைக் சேர்த்த வகைகள் அறைக்குள் அழகாக ஒலிக்கும். திருவிழாப் பந்தலில் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே அவை ஊளையிடும். பந்தலில் வாசிப்பவருக்குப் பீசோ மட்டும் போதும், கூடவே ஊளையை அடக்கும் நாட்ச் வடிகட்டி இருந்தால் நல்லது.

பொருத்தும்போது சேடிலின் அடிப்பகுதி கண்ணாடிபோல் சமமாக இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் போதும். இல்லாவிட்டால் ஒரு தந்தி கத்தும், அடுத்தது முனகும். பற்றவைத்து முடிந்ததும் சர்க்யூட்டின் மேல் அக்ரிலிக் காப்புப் பூச்சைத் தெளிக்கலாம். கேபிள் செருகும் ஜாக், குமிழ்கள், பேட்டரி முனைகளை மட்டும் டேப்பால் மூடிவிட வேண்டும்.

இன்னொன்று: வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கிதார்களில் ஜாக்தான் சுவிட்ச். பிளக் உள்ளே இருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி இரவெல்லாம் கரைந்துகொண்டே இருக்கும்.

தம்பியின் கிதாருக்குப் புதுப் பெட்டி தேவைப்படவில்லை. கழுவி, உலர்த்தி, பூச்சடித்து, பேட்டரி முனையை மட்டும் மாற்றினோம். நள்ளிரவுத் திருப்பலிக்கு முந்தைய ஒத்திகையில் ஆறாவது தந்தியைத் தனியாக ஒருமுறை மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை கையை எடுக்காமல் நின்றான்.